மடி

இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள் என் வினாநிரலில்.
துடைப்பத்துக்கு என்ன சொல்வீர்கள்?
பப்பாளிக்கு? மரவள்ளிக்கு?
வேலந்தாவளத்தில் கள் இறக்கும் ஆறுச்சாமி
ஒவ்வொன்றுக்கும் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"எங்கூட்ல சீமாறுங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சூலு."

பதினான்காம் நிமிடத்தில் ஒலிப்பதிவு அறுகிறது.
கருவிக் கோளாறு
என்று அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.
கோளாறின் பெயர் அதியன், வயது பத்து மாதம்.
அன்று அவன் அப்பாவுக்கு டபுள் ஷிஃப்ட்,
அவனுக்கு வயிற்றுப்போக்கு,
மூன்றாவது முறை என் சேலையில்.
பாளைக் கத்தியை ஓரமாக வைத்துவிட்டு
ஆறுச்சாமி குடத்துத் தண்ணீரை ஊற்ற ஊற்றக்
கழுவினேன்.

மதிப்பீட்டாளர் இரண்டாமவர் கேட்கிறார்,
ஏழாம் தகவலாளியிடம் மீண்டும் ஏன் போகவில்லை?
நியாயமான கேள்வி, ஐயா, அல்லது அம்மா.
போனேன்.
ஒரு முறை அவர் மரத்தின் மேல் இருந்தார், இறங்கவில்லை.
ஒரு முறை நறுமுகைக்குக் காய்ச்சல் என்று பாதி வழியில் போன்.
இன்னொரு முறை பஸ்ஸிலேயே தூங்கி
வேலந்தாவளம் தாண்டி, சோதனைச்சாவடி தாண்டி
மாநிலம் மாறி விழித்தேன்.

திருமூர்த்திக்குப் பொள்ளாச்சியில் நார் மில், இரவு வேலை.
காலை ஆறு மணிக்கு வருவார். ஆறு ஒன்பதுக்கு என் பஸ்.
ஒன்பது நிமிடக் குடும்பம்:
எவ்வளவு குடித்தான், எந்தப் பாட்டில் மருந்து,
கேஸ் புக் பண்ணியாச்சா,
ஒரு முத்தம், அதுவும் அதியனுக்கு.

என் மொழியியல் இரவு பத்தரைக்கு மேல்.
தொட்டில் கயிறு கால் பெருவிரலில்,
மடியில் கணினி.
கதவோரம் நறுமுகை வந்து நிற்பாள்,
தூக்கத்தில் நடப்பதாக நடித்துக்கொண்டு.
போய்ப் படு, இதோ வருகிறேன்.
திரையிலிருந்து கண்ணெடுக்காமலே இதைச் சொல்லப் பழகிவிட்டேன்.
இதோ என்பது எவ்வளவு நேரம் என்று
எந்த இலக்கணமும் வரையறுக்கவில்லை.

நேற்று அங்கன்வாடி வாசலில்
பிரசன்னா டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.
அம்மாவை வரையச் சொல்லி
ஆளுக்கொரு வாக்கியம் கேட்டாராம்.
சோறு வைப்பாள் என்றதாம் ஒன்று, அடிப்பாள் என்றதாம் ஒன்று.
"மோள் பறஞ்ஞது கேட்டோ? அம்மைக்கு மடியில்லான்னு!"
சோம்பலே அறியாத அம்மா! எத்ர நல்ல குட்டி!
நான் மலையாளத்திலேயே நன்றி சொன்னேன்.
படத்தையும் தந்தார்.
நாற்காலியில் ஒரு பெண்.
இடுப்புக்குக் கீழே கறுப்பாய் ஒரு செவ்வகம்.

எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்துக்கு வேறு பொருள், டீச்சர்.

இந்த எல்லையில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தது என்று
பிரித்துச் சொல்லத்தான் எனக்கு உதவித்தொகை.
அவள் எந்தப் பக்கத்தில் நின்று சொன்னாள்?
நான்கரை வயது.
பகலில் ஒரு மொழி, இரவில் ஒன்று,
இரண்டிலும் பொய் சொல்லத் தெரியும்.

இரவு, கருவிக் கோளாறை அழித்தேன்.
மகன் என்று அடித்தேன்.
அதையும் அழித்தேன்.
கணினியைக் கொண்டுபோய் அரிசி டிரம்மின் மேல் வைத்துவிட்டு
கதவோரம் நின்றவளைக் கூப்பிட்டேன்.
வந்தாள், நம்பாமல்,
முதலில் ஒரு முழங்காலை மட்டும் வைத்துப் பார்த்தாள்.
பிறகு மொத்த எடையும்.
இவ்வளவு கனமாக எப்போது ஆனாள்?

டீச்சரிடம் சொன்னாயே,
எந்தப் பேச்சில் சொன்னாய்,
குனிந்து கேட்டேன்.

தகவலாளி தூங்கிவிட்டாள்.

இடது கால் மரத்துவிட்டது.
தொட்டில் கயிறு வலது காலில்.